கையெழுத்துப் போடுகிறவள்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மாச்சி பக்கத்துல இருக்காங்களா? ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றாள். அவள் செவிலியர். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, திண்டுக்கல் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளராக ஒப்பந்தத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் கேட்டது மருத்துவச் சந்தேகம் அல்ல. அவளுடைய நிலையத்தின் எல்லைக்குள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வரும் தன்னார்வலர் பெண் ஒருத்தியின் பட்டியலில், மூன்று வீடுகள் இரண்டு மாதமாக விடுபட்டிருந்தன. அதை அப்படியே மேலே அனுப்புவதா, கூப்பிட்டுக் கேட்பதா, எழுத்தில் விளக்கம் வாங்குவதா? "ஐ.சி.யூ.ல எனக்குக் கீழ யாருமே இல்ல சித்தி. எல்லாரும் எனக்கு மேலதான் இருந்தாங்க. இப்ப கையெழுத்து நான் போடணும்னா கை நடுங்குது."

போனை வாங்கிய அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு வயது 77. பணிக்காலத்தின் பெரும்பகுதி கிராம செவிலியர்களை மேற்பார்வை செய்தவர். பிறகு சொன்னார்: "எது செஞ்சாலும் எழுத்துல மட்டும் வாங்கிறாத."

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை எழுத வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. ஆனால் அம்மாவின் கதையை அம்மாவிலிருந்து தொடங்க முடியாது. வார்டிலிருந்து வெளியே வந்து இன்னொரு பெண்ணின் வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறவள் என்ற பாத்திரத்தை அம்மா உருவாக்கவில்லை. அது அவருக்காகக் காத்திருந்தது.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நர்ஸ் என்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் செவிலி. சங்க அக இலக்கியத்தில் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் உறவு சொல்கிறது. தலைவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பவள் செவிலி. அவள் உடலில் தெரியும் மாற்றத்தை முதலில் கவனிப்பவளும் அவள்தான். கவனித்த பிறகு வீட்டுக் காவல் இறுகுகிறது. உடன்போக்கில் பெண் போய்விட்டால், சுரத்து வழியில் எதிரே வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு தேடிப் போகிறவளும் அவளே. பார்த்துக்கொள்வது, பார்த்துக்கொண்டே இருப்பது இரண்டும் ஒரே பெண்ணின் வேலை. குடும்பத்தின் மானம் அவள் கண்ணில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் குடும்பத்தில் முடிவெடுக்கும் இடம் அவளுக்கு இல்லை. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் சைக்கிள் நினைவுக்கு வரும். மாணவிகளிடம் சொன்னதில்லை.

நவீன மருத்துவத்தின் செவிலியர் சென்னைக்கு வந்தது வேறு வழியில். 1844இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனைதான் பிற்காலத்தில் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை ஆயிற்று. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஆரம்ப காலத்தில் பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். அப்புறம் இந்தியக் கிறித்தவப் பெண்கள். சாதி இந்துக் குடும்பங்கள் வெகுகாலம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்நிய ஆணின் உடலைத் தொடுவது, மலமும் ரத்தமும் துடைப்பது, இரவில் வீட்டுக்கு வெளியே இருப்பது என்று மூன்று தடைகள். மூன்றுமே தீட்டு, கற்பு என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோதும் இதே நிலைதான். அதே வேலூரில் 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு வந்தது.

ஆனால் நம் ஊர்ப் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் இவர்கள் அல்லர். மருத்துவச்சிகள். தமிழகத்தின் பல பகுதிகளில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். நாள் பார்க்காமல், நேரம் பார்க்காமல் அழைக்கப்பட்டு, வேலை முடிந்ததும் கொல்லைப்புற வழியாக அனுப்பப்பட்டவர்கள். நெல்லோ பழைய சேலையோ கூலி. காலனிய அரசும் மிஷனரி மருத்துவர்களும் தாய் இறப்புக்கும் சிசு இறப்புக்கும் காரணம் தேடியபோது கை நீட்டியது இவர்களைத்தான். அழுக்கானவள், அறியாதவள், கொலைகாரி. வறுமையும் ரத்தசோகையும் பால்ய விவாகமும் அந்த அறிக்கைகளில் அவ்வளவு அழுத்தமாக இல்லை. 1885இல் டஃபரின் நிதி வந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி, 'தாய்' என்று வடக்கே அழைக்கப்பட்ட மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க விக்டோரியா நினைவு நிதியைத் தொடங்கினார். பயிற்சி கொடுத்தால் போதாது, பயிற்சிப்படி செய்கிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டும் என்ற யோசனை அடுத்து வந்தது. டெல்லியில் லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி 1918இல் தொடங்கியது, ஹெல்த் விசிட்டர்களைத் தயாரிக்க. படித்த பெண் ஒருத்தி வீடுவீடாகப் போவாள். படிக்காத பெண் ஒருத்தியின் நகத்தையும் கத்தரியையும் சோதிப்பாள்.

இந்த இடத்தில் நான் நின்று பார்க்க விரும்புகிறேன். மருத்துவச்சியின் கையில் நோய்த்தொற்று இருந்திருக்காது என்று நான் வாதாடவில்லை. தொப்புள்கொடி அறுத்த ஆயுதத்தால் ரணஜன்னி கண்டு செத்த குழந்தைகள் உண்டு. நான் சொல்வது வேறு. இந்த நாட்டின் பொது சுகாதாரத்தில் ஒரு படித்த பெண்ணுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட அதிகாரம், சாதியிலும் வகுப்பிலும் தனக்குக் கீழே இருந்த இன்னொரு பெண்ணைச் சோதிக்கும் அதிகாரம். மருந்து வாங்கும் அதிகாரம் அல்ல, கட்டடம் கேட்கும் அதிகாரம் அல்ல.

1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பிற்காலத் திருத்தங்களோடு அந்தச் சட்டம் ஐந்து வகைப் பெண்களைப் பதிவேட்டில் ஏற்றியது: செவிலியர், பேறுகால மருத்துவச்சி, ஹெல்த் விசிட்டர், துணை செவிலிய மருத்துவச்சி, தாய். ஐந்து பேரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது பெரிய விஷயம்தான். பதிவு எண் என்பது ஒரு பெண்ணுக்குத் தொழில் அடையாளம், புருஷன் பெயர் இல்லாத அடையாளம். அம்மா தன் பதிவுச் சான்றிதழை இன்றும் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு மேலே வைத்திருக்கிறார். ஆனால் ஐந்து பேரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை, ஏணியில் நின்றார்கள்.

1946இல் போர் குழு தன் அறிக்கையைக் கொடுத்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 7,000 செவிலியர், 5,000 மருத்துவச்சிகள், 750 ஹெல்த் விசிட்டர்கள்தான் இருந்தார்கள். 43,000 பேருக்கு ஒரு செவிலியர். எனவே சுதந்திர இந்தியா குறுகிய வழி தேடியது. முழுச் செவிலியரை உருவாக்கக் காலமும் காசும் ஆகும், துணை செவிலியரை உருவாக்கலாம். 1951இல் பஞ்சாபின் தர்ன் தாரனில் ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படிப்பு தொடங்கியது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் முளைத்தன. 1973இல் கர்தார் சிங் குழு ஏ.என்.எம்.மைப் பல்நோக்குப் பணியாளர் ஆக்கியது, ஹெல்த் விசிட்டரைப் பெண் மேற்பார்வையாளர் ஆக்கியது. 3,000 முதல் 3,500 பேருக்கு ஒரு துணை நிலையம், மூன்று நான்கு பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். 1977இல் ஏ.என்.எம். படிப்பு 18 மாதமாகக் குறைந்தது. வேலை கூடக் கூடப் படிப்பு குறைந்த விசித்திரத்தை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் இவர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் என்று பெயர். அவர்களுக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், அதற்கும் மேலே சமுதாய நல செவிலியர். ஊருக்கு எல்லாரும் நர்ஸம்மாதான்.

அம்மா 1976இல் வார்டை விட்டு வந்தார். அரசு மருத்துவமனை ஒன்றில் ஏழு வருடம் வேலை, அதில் பாதி பிரசவ வார்டு. ஏன் வந்தீர்கள் என்று நான் கல்லூரி படிக்கும்போது கேட்டிருக்கிறேன். மக்கள் சேவை, கிராமம், காந்தி என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நைட் டூட்டி" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு இரவுப் பணிக்குக் கிளம்பும்போதெல்லாம் மாமியார் வாசலில் வந்து நின்று, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பாராம். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டாராம். ஒன்றும் சொல்லாததுதான் பெரிய பேச்சு. பொது சுகாதாரப் பயிற்சிக்கு விண்ணப்பம் வந்தபோது எழுதிப் போட்டுவிட்டார். பயிற்சி முடிந்ததும் மேற்பார்வைப் பணி, பகல் வேலை, சைக்கிள் அலவன்ஸ். வீட்டில் அதைப் பதவி உயர்வு என்று சொல்லி லட்டு கொடுத்தார்கள்.

நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அக்கா மகள் ஐ.சி.யூ.வை விட்டதற்கும் முதல் காரணம் இரவுதான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஒன்றரை வயதுக் குழந்தை. ஆகவே, பெண்கள் வார்டிலிருந்து களத்துக்கு வந்த வரலாற்றைத் தலைமைப் பண்பின் வரலாறாக யாராவது எழுதினால், ஓரத்தில் இந்த இரவையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

வார்டில் அம்மாவுக்கு மேலே ஹெட் நர்ஸ், மேட்ரன், டாக்டர் எல்லாரும் உண்டு. ஆனால் தவறு நடந்தால் கண் முன்னால் நடக்கும், திருத்தவும் முடியும். களத்தில் அவருக்குக் கீழே நான்கு நர்ஸம்மாக்கள், நான்கு துணை நிலையங்கள், ஐம்பது அறுபது குக்கிராமங்கள். ஒரு நாளில் ஒரு நிலையம். முதல் இரண்டு வருடம் அவர் செய்தது கற்றுக்கொடுப்பதுதான் என்பார். படித்து முடித்து நேரே கிராமத்துக்கு வந்த இருபது வயதுப் பெண்ணுக்கு, ரத்தப்போக்கைப் புடவையில் ஊறிய அளவை வைத்து எப்படிக் கணக்கிடுவது, சிசுவின் இதயத் துடிப்பைத் தாயின் நாடியோடு குழப்பிக்கொள்ளாமல் எப்படிக் கேட்பது, எந்த நேரத்தில் "என்னால் முடியாது, வண்டி கட்டுங்கள்" என்று கூச்சமில்லாமல் சொல்வது. மூன்றாவதுதான் கஷ்டம் என்பார். முடியாது என்று சொல்ல நம் பெண்களுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

மருத்துவச்சிகளுக்கும் அவரே பயிற்சி கொடுத்தார். 1977க்குப் பிறகு வந்த திட்டத்தில் முப்பது வேலைநாள் பயிற்சி, உதவித்தொகை, கையில் ஒரு பெட்டி. புது பிளேடு, கொதிக்கவைத்த நூல், சோப்பு. அதில் ஒரு கிழவி, பிரசவ மேசைப் படத்தைப் பார்த்துவிட்டு, "படுக்கப்போட்டா புள்ள மேல ஏறுமா, கீழ எறங்குமா?" என்று கேட்டாளாம். அதுவரை பெண்களை மல்லாக்கப் படுக்கவைத்தே பிரசவம் பார்த்திருந்த அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. குந்தவைத்து, உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடிக்கவைத்துப் பிரசவம் பார்க்கும் முறையை அவளிடம்தான் பார்த்தேன் என்று சொல்வார். எந்தப் பயிற்சி அறிக்கையிலும் இது ஏறவில்லை. பயிற்சி மேலிருந்து கீழே போவது, அப்படித்தான் படிவம் இருந்தது.

பிறகு டார்கெட்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைக்கும் முறை 1966 வாக்கிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. நெருக்கடி நிலையில் ஆண்களைப் பிடித்துப் பிடித்து அறுவை சிகிச்சை செய்ததன் கோபம் 1977 தேர்தலில் தெரிந்தது. அதிலிருந்து அரசியல்வாதிகள் கற்ற பாடம் ஒன்றுதான்: ஆண்களைத் தொடக் கூடாது. இலக்கு ஒழியவில்லை, பெண்களின் வயிற்றுக்கு இடம் மாறியது. எண்பதுகள் முழுவதும் நர்ஸம்மாவின் வேலை மாதத்துக்கு இத்தனை கேஸ். மார்ச் மாதம் வந்தால் வருடக் கணக்கு முடிக்கும் பரபரப்பு. எங்கள் வீட்டில் பிப்ரவரியிலிருந்தே அம்மா முகம் மாறிவிடும். முழுப் பரீட்சை எங்களுக்கா அவருக்கா என்று அக்கா கேலி செய்வாள்.

மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு நர்ஸம்மாவும் எழுந்து நின்று தன் எண்ணைச் சொல்ல வேண்டும். குறைந்தால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வரும். மேசைக்கு அந்தப் பக்கம் ஆண்கள். நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள். அம்மா எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டேன். மேசையின் பக்கவாட்டில், ஒரு ஸ்டூலில். மேற்பார்வையாளர் என்றால் அதுதான் இடம். லீவு கொடுக்க அவரால் முடியாது. உடைந்த தராசை மாற்ற முடியாது. நிலையத்துக்கு வாடகை கட்ட முடியாது. எழுத முடியும். டைரியைப் பார்த்து, பதிவேட்டைப் பார்த்து, குறை எழுதிக் கையெழுத்துப் போட முடியும்.

1988 பங்குனியில் அம்மா அப்படி ஒரு கையெழுத்துப் போட்டார். எனக்கு எட்டு வயது, அப்போது எதுவும் தெரியாது. அவருக்குக் கீழ் இருந்த ஒரு நர்ஸம்மா, பட்டியல் சாதிப் பெண், அந்த வருட இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. சேர்த்து வைத்திருந்த பெயர்களில் சிலரை ரத்தசோகை என்று அவரே திருப்பி அனுப்பியிருந்தார். அறுத்த பிறகு செத்துப்போனால் நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பேன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். இலக்கு எட்டாததற்காக நேரடியாகத் தண்டிப்பது எழுத்தில் அழகாக இருக்காது. அதற்கு வேறு வழி இருந்தது. கிராம செவிலியர் தன் தலைமையிடக் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. அந்த அம்மா ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த சிறு நகரத்திலிருந்து தினமும் வந்து போனார். இலக்கு முடித்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இவர் எங்கே தங்குகிறார் என்று கேட்டார்கள். ஆய்வு அறிக்கை எழுத அம்மாவை அனுப்பினார்கள்.

அந்த ஊரில் நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஊர்த்தெருவில் அவருக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க ஆள் இல்லை. கேட்ட இடத்தில் எல்லாம் முதலில் சரி என்பார்கள், பெயரும் ஊரும் விசாரித்த பிறகு மகன் குடும்பம் வரப்போகிறது என்பார்கள். பிரசவத்துக்கு அவர் கை வேண்டும், குடியிருக்க அவர் வேண்டாம். அம்மாவுக்கு இது முழுக்கத் தெரியும். இரண்டு வீடுகளில் அம்மாவே கூடப் போய்க் கேட்டிருக்கிறார். அப்போது அம்மாவிடம், "உங்களுக்குன்னா தர்றோம்" என்றிருக்கிறார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி: தலைமையிடத்தில் தங்குகிறாரா? ஆம், இல்லை. அம்மா 'இல்லை' என்று எழுதினார். பொய் இல்லை. காரணம் எழுத அங்கே இடமும் இல்லை. தனித்தாளில் எழுதி இணைத்திருக்கலாம். இணைக்கவில்லை. இணைத்திருந்தால் அடுத்த மாதம் ஸ்டூலும் இருந்திருக்காது என்று அவர் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அந்த நர்ஸம்மா உண்மையை எழுதினார், ஊரையும் தெருவையும் குறிப்பிட்டு. சாதிப் பிரச்சினையைக் கிளப்புகிறார் என்று அது இன்னொரு குற்றமாயிற்று. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், பின்னால் வரும் சம்பளத்தையும் தொடர்ந்து பாதிக்கிற விதத்தில்.

எங்கள் பெண்ணிய எழுத்துகளில் ஆணாதிக்க நிறுவனம் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். நிறுவனத்தின் கை எங்கள் வீட்டில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தது. அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது அவர் இல்லை. செவிலியப் பணிப் படிநிலையைச் சாதியிலிருந்து பிரித்துப் பெண்களின் கதையாக மட்டும் சொன்னால் இந்த இடம் காணாமல் போகும்.

1996 ஏப்ரலில் நாடு முழுவதும் இலக்கு முறை கைவிடப்பட்டது. காகிதத்தில் என்று சேர்த்துச் சொல்வார்கள், ஆனால் அம்மா அன்று வீட்டில் பாயசம் வைத்தது உண்மை. அதற்குப் பிறகு அவர் வேலை மாறியதைவிட நர்ஸம்மாக்களின் வேலை அதிகம் மாறியது. 2000க்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒப்பந்தச் செவிலியர்களை வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கினார்கள். முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாய் ஆனது, 2011இல் 12,000, 2018இல் 18,000. இன்று தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். நல்ல செய்தி, சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளை பிடித்த கைகளுக்குப் பேனா கொடுக்கப்பட்டது. கர்ப்பத்தைப் பதிவது, எண் வாங்கிக் கொடுப்பது, தவணைக்குக் கையெழுத்து, தடுப்பூசிக் கணக்கு, செல்போனில் பதிவேற்றம். பழைய நர்ஸம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "முன்னாடி ஊருக்குள்ள போனா புள்ளைய காட்டுவாங்க. இப்ப ஆதாரைக் காட்டுறாங்க."

அந்த அறைக்குள்தான் அக்கா மகள் வந்து சேர்ந்திருக்கிறாள். 2018இல் ஒன்றிய அரசு துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒவ்வொன்றுக்கும் செவிலியப் படிப்பு முடித்த ஒருவரைப் பொறுப்பாகப் போட முடிவானது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக வீடுகளுக்கு அனுப்பியது. அந்தச் சிறிய கட்டடத்தில் இப்போது மூன்று பெண்கள். இருபத்தாறு வருட அனுபவமுள்ள நர்ஸம்மா நிரந்தரப் பணியாளர், அவர் வாங்குவது ஊதியம். இவள் வாங்குவது தொகுப்பூதியம். தன்னார்வலர் வாங்குவது ஊக்கத்தொகை. மூன்று பேரும் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரே தூக்குவாளியிலிருந்து டீ குடிக்கிறார்கள்.

வழிகாட்டுதலின்படி மையக் குழுவை வழிநடத்த வேண்டியது இவள், அதாவது மூவரில் வேலை நிச்சயமில்லாதவளில் ஒருத்தி. முதல் வாரமே நர்ஸம்மா சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்: "பாப்பா, நான் இந்த ஊர்ல தடுப்பூசி போட ஆரம்பிச்சப்ப நீ தடுப்பூசி போட்டுக்கிட்டு இருந்திருப்ப. என் டைரிய நீ பாக்க வேணாம், எனக்கு மேல செக்டார் இருக்காங்க." இவளுக்கும் அதில் கோபமில்லை. தனியார் மருத்துவமனையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விடுவிக்க நாலு மாதம் அலைய விட்டிருந்தார்கள். 2012இல் சென்னையில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு சிறிய மருத்துவமனைகளில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்ததும் இவளுக்குத் தெரியும். ஏழாவது வருடத்தில்தான் இவள் அந்தத் தொகையைத் தொட்டாள். அங்கிருந்து வந்தவளுக்கு நர்ஸம்மாவின் கிண்டல் தென்றல். பயமெல்லாம் தன்னார்வலரிடம்தான். ஏனென்றால் அந்த ஒருத்தியைத்தான் இவள் எழுத்தால் காயப்படுத்த முடியும்.

அம்மா சொன்னதைக் கேட்டு, எழுத்தில் விளக்கம் வாங்காமல், தன்னார்வலரைக் கூப்பிட்டு ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து அந்த மூன்று வீடுகளுக்கும் போனாள். மூன்றும் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் வெளியே தோட்டத்து வீடுகள். கடைசி அரைக் கிலோமீட்டர் வாய்க்கால் வரப்பு, வண்டி போகாது. இரண்டாவது தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட நாய். தன்னார்வலர் இரண்டு மாதமும் போயிருக்கிறார், மாத்திரை கொடுத்திருக்கிறார். அங்கே சிக்னல் இல்லாததால் செல்போனில் பதிவு ஏறவில்லை. ஊருக்குள் வந்து ஏற்றலாம்தானே என்று கேட்டால், "நேரம் மாறிக் காட்டும் சிஸ்டர், பொய் என்ட்ரின்னு சொல்லிருவாங்களோன்னு விட்டுட்டேன்" என்றாராம். கடைசி வீட்டுப் பாட்டி, பழைய மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தால் ஒரு நாள்கூட விடவில்லை. பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்த்தது தன்னார்வலர்தான். இவள் கைப்பட்டை சுற்றிய உயரத்தை மட்டும் கொஞ்சம் சரி செய்தாள்.

அன்று மாலை போனில் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். நாய் துரத்தியதைச் சொல்லும்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். மாத அறிக்கையில், குறிப்புக்கான இடத்தில் சிக்னல் பிரச்சினையை மூன்று வரி எழுதி, அட்டைகளின் போட்டோவையும் சேர்த்து அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். மேலே என்ன சொல்வார்களோ தெரியாது என்றாள்.

போனை வைத்த பிறகு அம்மா என்னிடம் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் தரச் சொன்னார். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார். அன்றைக்கு இன்க்ரிமென்ட் 25 ரூபாய் இருக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். 1988இலிருந்து ரிடையர் ஆகும்வரை மாதாமாதம், அதன் மேல் பஞ்சப்படி, அதன் பிறகு ஊதியக் குழு மாற்றங்கள், அப்புறம் பென்ஷன். "அவ பென்ஷன்லயும் அந்த ஒரு இன்க்ரிமென்ட் கொறையுமில்ல?" குறையும் என்றேன். பாதித் தாள் நிறைந்ததும் எண்கள் பெரிதாகிக் கோடு தாண்டிப் போயின. இன்னொரு தாள் கேட்டார்.